படிக்கத் தெரியாதவள் திறந்த பூட்டு

நல்ல எஸ்கேப் ரூம் என்றால் விடை அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். பேய், புகை எதுவும் வேண்டாம். நாலு பூட்டு, நாலு புதிர், அவிழ்த்து வெளியே வர ஒரு மணி நேரம் போதும். நானும் என் மயிலாப்பூர்த் தோழியும் இதில் பைத்தியங்கள். புது அறைக்கு முதல் தடவை சேர்ந்துதான் போவோம் என்று எங்களுக்குள் பேச்சு. ஒரு புதிரை ஒருமுறைதானே தெரியாமல் பார்க்க முடியும்?

தி. நகரில் மளிகைக்கடை மாதிரி ஓர் அறை திறந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளோ வேலை ஓயவில்லை என்றாள். இரண்டு மாதம் காத்திருந்தேன். போய்வந்த தங்கை கதை சொல்ல வந்தபோது காதைப் பொத்திக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை போனோம். கல்லாப்பெட்டியில் மூன்று இலக்கப் பூட்டு. சுவரில் ஒரு சீட்டு: மிளகு, துவரம்பருப்பு, சீரகம். அந்தந்த ஜாடியின் அடியில் ஒரு தமிழ் எழுத்து. எந்த எழுத்து எந்த எண் என்பது பக்கத்து அட்டையில். அத்தனையும் தமிழ். அவள் பள்ளியில் ஃப்ரெஞ்சு எடுத்து மார்க் வாங்கியவள். கல்யாணப் பத்திரிகையைக்கூட நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அதனால் அவளைப் பூட்டருகே நிறுத்திவிட்டு ஜாடிகளைப் புரட்டினேன்.

மிளகின் அடியில் ‘ச’. “நாலு!” என்று கத்தினேன். துவரம்பருப்பைத் தேடும்போதே பின்னால் பூட்டு திறக்கும் சத்தம்.

“இன்னாடி, மீதி ரெண்டு நான் இன்னும் படிக்கவே இல்லியே?”

“தானா தொறந்துண்டுடுத்துடி.”

மிளகு ஜாடியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் வந்தேன்.

“ஆஃபீஸ்ல டீம் அவுட்டிங்னு கூட்டிண்டு வந்துட்டா. சொன்னா வருத்தப்படுவியேன்னுதான்...”

“எப்போ?”

“தொறந்த வாரமே.”

போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் தெரியாதவள்போல் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றாளே, அது பச்சைத் துரோகம். இதற்கு முன் எத்தனை அறைகளில் இப்படி என் காதில் பூச்சுற்றினாளோ!

“மீதியையும் நீயே தொற,” என்றேன். திறந்தாள். பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

“சூப்பர் மேடம்! இவ்ளோ சீக்கிரம் யாருமே வந்ததில்ல,” என்று வாசலில் இருந்த ஊழியர் எங்களைப் படமெடுக்கச் சுவரோரம் நிறுத்தினார். அந்தச் சுவர் முழுக்க முன்பு வந்தவர்களின் படங்கள். அதில் ஒன்றில், ஆஃபீஸ் கூட்டத்தின் நடுவே அவள், கதவு திறந்த சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் நான் இரண்டு மாதம் காத்திருந்தேன்.