நாக்கு நுனியில் ஒரு வால்வு

"என் நாக்குக்கு நீ வைத்தியம் பாக்காத அண்ணி!" என்று என் நாத்தனார் சீறினாள். சர்க்கரைக்குப் பதில் நான் உப்பைக் கொட்டிப் போட்ட டீயில் பாதியை அதற்குள் குடித்திருந்தாள். நாக்கில் ருசி செத்துப்போச்சு, டாக்டரிடம் காட்டு என்று நான் சொன்னதற்குத்தான் இந்தச் சீறல்.

"அடிப்பாவி, அதுல உப்புடி!"

"அப்பவே தெரியும். வீணாக்கக் கூடாதுன்னு குடிச்சேன்."

புளுகுணி.

என் புருஷன் செத்ததும் அவருடைய கார் ஷெட்டை எடுத்து நடத்துகிற தங்கச்சி இவள். பழைய வண்டிகளின் கார்புரேட்டரைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். கொண்டையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகியிருப்பாள். மனிதர்களைவிட எஞ்சின்களைத்தான் அதிகம் திட்டுவாள்.

கார்புரேட்டருக்குள் பவர் வால்வு என்று ஒன்று, பாட்டில் மூடி அளவு. அதற்குள் மெல்லிய ரப்பர் சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. "சம ரோட்டுல எஞ்சினோட இழுப்பே இத மூடி வெச்சிருக்கும். மேட்டுல மிதிச்சா இழுப்பு குறையும், ஸ்பிரிங் தள்ளித் திறக்கும், கூடுதல் பெட்ரோல் போகும். சவ்வு கிழிஞ்சுதுன்னா எப்பவும் ஒழுகும். ஒரே கரும்புகை" என்பாள்.

புதிது விலை அதிகம். அதனால் உடைசல் வண்டியிலிருந்து கழற்றியதை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கு நுனியால் ஓட்டையை அடைத்துக்கொள்வாள். இழுப்பு தளராமல் நின்றால் வால்வு நல்லது. இருபது வருஷமாகப் பெட்ரோல் ருசிக்கிற வாய் அது. "என் நாக்கு பொய் சொல்லாது" என்பது அவள் பெருமை.

உப்பு டீ குடித்த அன்றைக்கே டாக்ஸிக்காரர் ஒருவர் உள்ளே பாய்ந்தார்.

"அக்கா, போன வாரம்தான் வால்வு மாத்துனீங்க! மேட்டுல கரும்புகையாக் கக்கிப் பாதியில நின்னுபோச்சு. பின்னால லாரி. உள்ள என் பொண்டாட்டி, புள்ளைங்க!"

அவள் வால்வைக் கழற்றி வாயில் வைத்தாள். "நல்லாத்தானே இருக்கு."

டாக்ஸிக்காரர், இழுப்பை முள்ளால் அளந்து காட்டும் கைப்பம்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் மாட்டி இழுத்தார். முள் ஏறியது, ஏறிய வேகத்திலேயே சரிந்தது.

"இன்னொரு தரம்" என்றாள். சரிந்தது. அவளே பம்பைப் பிடுங்கி, நல்லதென்று டப்பாவில் போட்டு வைத்திருந்த வால்வுகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். ஒன்றில்கூட முள் நிற்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணி, இந்த வருஷம் எத்தன வண்டியில மாட்டினேன்?"

ஷெட்டின் கணக்கு நோட்டை எடுத்து அவள் முன்னால் விரித்து வைத்தேன்.

மறுநாள் ஷெட் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லோரையும் அவளே கூப்பிட்டு வரச் சொல்லியிருந்தாள். "தப்பு என்னுது, காசு வேணாம்" என்று சொல்லிச் சொல்லிப் பழையதைக் கழற்றினாள். மேஜைமேல் பெட்டி நிறையப் புது வால்வுகள், பிரிக்காத உறையோடு.

குனிந்திருந்தவளின் காதைப் பார்த்தேன். வெறும் காது.

"இதெல்லாம் என்ன வெலைடி?"

நிமிராமலே புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு தோடும். மோதிரம் கழலல, தப்பிச்சுது."