கரியாலூருக்குத் தலைகீழாகப் போன பாரமானி

காலை ஐந்தே முக்காலுக்குச் சென்னையிலிருந்து புறப்பட்ட பேருந்தில் நான் இரண்டு இருக்கைகள் பிடித்திருந்தேன். ஒன்று எனக்கு, இன்னொன்று பாரமானிக்கு. நடத்துனர் என்னையும் பக்கத்து இருக்கையில் நான் சாய்த்துப் பிடித்திருந்த நீளமான தோல் உறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஃபுல்லா, ஆஃப்பா?" என்றார். முன் இருக்கைக்காரர் சிரித்தார். உளுந்தூர்பேட்டை வரை பதினேழு ரூபாய். இரண்டுக்கும் முழுசாகக் கொடுத்தேன்.

பழைய கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். லண்டனில் செய்த நில அளவைத் தொலைநோக்கி, பாரிஸிலிருந்து வந்த ஆர்மோனியத்தின் உடைந்த ரீடு, ஜெர்மன் இசைக்கவை, சாவி கொடுத்தால் பாடும் சுவிட்சர்லாந்துப் பெட்டி என்று எல்லா நாட்டுச் சாமான்களும் என் கடையில் அக்கம்பக்கமாகக் கிடக்கும். செய்த ஊரில் அவற்றைச் சீந்துவார் இருக்க மாட்டார்கள். இங்கே யாராவது ஒருவருக்கு அது இல்லாமல் நாள் ஓடாது.

காற்றின் அழுத்தத்தை அளக்கும் இந்தப் பாரமானியும் அப்படித்தான். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் கல்வராயன் மலைக்குக் கொண்டுபோனது. அவர் போன பிறகு கரியாலூரில் இருந்த சின்ன வானிலை நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. பழுதாகி என் கடைக்கு வந்ததைச் சரிசெய்து திருப்பிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். பித்தளைக் குழாய்க்குள் முக்கால் மீட்டருக்கு மேல் நீளமான கண்ணாடிக் குழாய், அதற்குள் பாதரசம், அடியில் ஒரு தோல் பை, பையை அழுத்த ஒரு திருகு. பயணத்தின்போது திருகை இறுக்கி, குழாய் முழுக்கப் பாதரசத்தை நிரப்பி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். படுக்கப் போட்டாலோ, சடாரென்று நிமிர்த்தினாலோ குழாய்க்குள் காற்றுக்குமிழி ஏறிவிடும். ஏறினால் கதை முடிந்தது. அப்புறம் அது காட்டுவதெல்லாம் பொய். பார்சலில் அனுப்பாமல் நானே தூக்கிக்கொண்டு கிளம்பியது இதனால்தான்.

கிளம்பும் முன் கடையில் ஒரு காரியம் நடந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பூஜையில் என் உதவியாளர் மற்ற சாமான்களோடு இந்த உறைக்கும் சந்தனம் குழைத்து, குங்குமப் பொட்டு வைத்துவிட்டார். உறையின் மேல் முனையில், பெரிதாக. தலைகீழாகப் பிடித்தபோது பொட்டு என் செருப்புக்குப் பக்கத்தில் வந்தது. எனக்கு இந்த மாதிரிச் சடங்குகளில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் துடைக்கவில்லை.

பத்தரை மணிக்கு உளுந்தூர்பேட்டை. லாரிகள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றன. இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் மறியல் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கள்ளக்குறிச்சிச் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று தேநீர்க் கடையில் சொன்னார்கள். அங்கேதான் பத்மாவதி எனக்காகக் காத்திருந்தார். கரியாலூர் நிலையத்தில் தினமும் அளவெடுத்து எழுதுகிறவர். நாற்பது வயதிருக்கும். மணலூர்பேட்டையில் பிறந்து மலைக்கு வாக்கப்பட்டவர். மறியலுக்கு முன்தினமே கீழே இறங்கி, உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தாராம்.

"இன்னா சார், தலகீழா புடிச்சிக்கினு வர்றீங்க? ஒடஞ்சிடாதா?" என்று பதறினார். விவரம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தன் கவலையைக் கொட்டிவிட்டார். "நாளைக்கு வானிலை ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஐயா வர்றாருங்க. பாரமானி இல்லாத ஸ்டேஷன் எதுக்குன்னு போன தபாவே கேட்டாரு. இந்த வாட்டியும் இல்லன்னா மூடிடுவாங்களாம். வூட்டுக்காரருக்கு மலையில கூலி வேல. அதுவும் மழன்னா கெடையாது. என் சம்பளம் ஒண்ணுதாங்க."

உள்ளூர்ப் பேருந்து ஒன்று எலவனாசூர்க்கோட்டை தாண்டி, முதல் மரம் வரை கொண்டுபோய் விட்டது. சாலையின் குறுக்கே கிளைகளோடு கிடந்தது புளியமரம். அதன்மேலும் சுற்றிலும் நூறு பேர் இருக்கலாம். கோஷம் காதைப் பிளந்தது. அடுத்தடுத்து இப்படி மரங்கள் கிடக்கின்றன, மூன்று கிலோமீட்டர் நடந்தால் அந்தப் பக்கம் பேருந்து உண்டு என்றார்கள். ஆட்களை நடந்துபோக விட்டார்கள். என் தோல் உறையைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

வெள்ளைச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் முன்னால் வந்தார். அவர்தான் அந்த இடத்துக்குப் பொறுப்பு போலிருந்தது. பெயர் சேகர். "உள்ள இன்னாங்க?" பாரமானி என்றேன். முகம் மாறியது. "பாதரசம் ஊத்துன பாரோமீட்டரா? சார், நான் பி.எஸ்.சி. பிசிக்ஸ். படம் போட்டு மார்க் வாங்குனதோட சரி. எங்க காலேஜ்ல ஒண்ணு கூட கெடையாது. ஒரு தபா தெறந்து காட்டுங்க சார்." முடியாது என்றேன். எரிச்சலாகவே சொன்னேன். வேடிக்கை காட்டவா இவ்வளவு தூரம் சுமந்து வந்தேன்?

செருப்பு வார் அறுந்திருந்தது. குனிந்து முடிச்சுப் போட வேண்டியிருந்ததால், மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் உறையை அப்படியே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நிமிஷம் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் உறை நேராக நிற்கிறது, பொட்டு மேலே இருக்கிறது. பெரியவர் மலர்ந்த முகத்தோடு, "பொட்டு வெச்ச சாமானுங்க. கீழ மண்ணுல இடிச்சிக்கினு கெடந்துச்சி. அதான் சட்டுனு நிமித்தி வெச்சேன்" என்றார். கத்த வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபின் கத்த முடியவில்லை.

பத்மாவதிக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "போயிடுச்சா சார்?" என்றார். காற்று ஏறியிருந்தால் இதை மலைக்குக் கொண்டுபோய்ப் பிரயோஜனமில்லை, திரும்ப வேண்டியதுதான். தெரிந்துகொள்ள ஒரே வழி, நேராகத் தொங்கவிட்டு, திருகைத் தளர்த்தி, பாதரசத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, மெல்லச் சாய்ப்பது. குழாயின் உச்சியில் வெற்றிடம் சுத்தமாக இருந்தால் பாதரசம் கண்ணாடியில் முட்டி 'டிக்' என்று உலோகச் சத்தம் எழும். காற்று இருந்தால் மொத்தென்று மழுங்கிப் போகும்.

தொங்கவிட அங்கே என்ன இருக்கிறது? வெட்டிப் போட்ட மரத்தின் கிளை ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. பத்மாவதியின் நிலைமையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட சேகர்தான் காட்டினார். உறையைக் கழற்றி வளையத்தை அதில் மாட்டினேன். பித்தளை வெயிலில் மின்னியது. கூட்டம் நெருங்கி வந்தது. ஆனால் அந்தக் கோஷத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சேகர் மரத்தின்மேல் ஏறி இரண்டு கைகளையும் தூக்கினார். "அஞ்சு நிமிஷம் யாரும் பேசாதீங்க! ஒரு அம்மாவோட வேல இதுல இருக்கு!"

அடங்கிவிட்டார்கள். நூறு பேர் வாயை மூடிக்கொண்டு நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பத்மாவதி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். திருகைத் தளர்த்தினேன். பாதரசம் இறங்கி நின்றது. மெல்லச் சாய்த்தேன்.

டிக்.

சுத்தமான சத்தம். கண்ணாடி வளையலில் நகம் பட்டது போல. இன்னொரு முறை சாய்த்தேன், மறுபடியும் அதே சத்தம். கூட்டம் கைதட்டியது. எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது. பெரியவர் எல்லாரையும்விட பலமாகத் தட்டினார்.

மூன்று கிலோமீட்டரும் சேகரே தூக்கி வந்தார். குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து, பொட்டு கீழே இருக்கும்படி. வழியில் பத்மாவதியிடம் கேட்டார், "இந்த வேலைக்கு நீங்க இன்னா படிச்சீங்க?" அவர் கூசிக்கொண்டே, "எட்டாவதுதாம்பா. மலையில வேற ஆளு கெடைக்கலன்னு என்னப் போட்டாங்க" என்றார். "நான் டிகிரி முடிச்சி நாலு வருஷம் ஆவுதுங்க. அப்ளிகேஷன் போட்டுக்கினேதான் இருக்கேன்" என்றார் சேகர். கடைசி மரம் தாண்டியதும் உறையை என்னிடம் தராமல் பத்மாவதி கையில் கொடுத்தார். "கெட்டியா புடிச்சிக்குங்க, அக்கா."

தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து கச்சிராயப்பாளையம், பிறகு மலைப்பாதை. வளைவுகளில் பேருந்து திணறியது. சாயங்காலம் ஐந்தரைக்குக் கரியாலூர் போய்ச் சேர்ந்தோம். குளிர் லேசாக இருந்தது. ஓடு போட்ட ஒற்றை அறைதான் நிலையம். வெளியே மழைமானி, வெள்ளையடித்த பெட்டிக்குள் வெப்பமானிகள். பழைய ஆணியில் பாரமானியைத் தொங்கவிட்டுச் சரிசெய்தேன். சென்னையில் முப்பது அங்குலத்தை ஒட்டி நின்ற பாதரசம் இங்கே இருபத்தேழில் நின்றது. ஏறி வந்த மலையின் உயரம் அந்த மூன்று அங்குலத்தில் இருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

மறியலால் கள்ளக்குறிச்சி விடுதியில் மாட்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார். பாரமானியின் அளவைத் தானே பார்த்து, பத்மாவதி காலையில் எழுதியிருந்ததோடு ஒத்துப்பார்த்தார். "ஸ்டேஷன் இங்கயே இருக்கட்டும்மா" என்றார். பத்மாவதி திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். மத்தியானம் இன்ஸ்பெக்டருக்கும் எனக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு.

பரிமாறும்போது கேட்டார். "சார், ஒத்தாசைக்கு இன்னொரு ஆளு போடுவாங்களா? படிச்ச பையன் ஒருத்தன் இருக்கான். பிசிக்ஸ்."

இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, உள்ளதைச் சொன்னார். "ரெண்டாவது ஆளுக்கு எடம் இல்லம்மா. பி.எஸ்.சி. படிச்ச பையன் மலைக்கு வரத் தயாரா இருக்கான்னு நான் எழுதினா, எட்டாவது எதுக்குன்னு மேல கேப்பாங்க. மொதல்ல போறது நீதான். எழுதட்டுமா?"

கரண்டி அப்படியே நின்றது. உள்ளே அவர் கணவர் இருமுவது கேட்டது.

"எழுதாதீங்க சார்" என்றார் பத்மாவதி. இரண்டாம் முறை குழம்பு ஊற்றியபோது இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது.

மூன்றாம் நாள் திரும்பினேன். மரங்களை அறுத்து ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். பேருந்து தேநீருக்கு நின்ற இடத்தில் சேகர் இருந்தார். ஓடி வந்தார். "சார், அந்த அக்கா வேலைக்கு ஒண்ணும் ஆவலியே?"

"ஒண்ணும் ஆகல. இருக்காங்க."

அவர் திரும்பிக் கடையைப் பார்த்துக் கத்தினார். "டேய், நாம தூக்கிக்கினு போனமே, வேல செய்யுதாம்டா!" உள்ளேயிருந்து நான்கைந்து பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஒரு தேநீர் சொன்னார். காசு கொடுக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார். "அக்கா என்னப் பத்தி எதுனா கேட்டாங்களா?" என்றார்.

கேட்டார்கள் என்றேன். நன்றாக இருக்கிறாரா என்று கேட்டதாகச் சொன்னேன்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. தேநீர் நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் என்னால் குடிக்க முடியவில்லை.