டைனமோவின் ஓர்மை

எங்கள் டிராக்டரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி உண்டு. உள்ளே ஒரு முள். நடுவில் பூஜ்யம், இடப்பக்கம் மைனஸ், வலப்பக்கம் பிளஸ். பாட்டரியில் மின்சாரம் ஏறினால் முள் வலப்பக்கம் போகும், இறங்கினால் இடப்பக்கம். அப்பா இறந்த பிறகு நெடுநாள் மழையிலும் வெயிலிலும் சும்மா கிடந்த அந்தப் பழைய டிராக்டரை மைனி ஓட்டத் தொடங்கியபோது, முள் பிளஸ் பக்கம் போகவே இல்லை. விளக்கைப் போட்டால் இடப்பக்கம் சரியும். அணைத்தால் நடுவில் வந்து நிற்கும். அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாததுபோல.

மைனி என் அண்ணனின் மனைவி. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் குடும்பம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பால்வெட்டும் கத்தி எடுத்தவர். திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த கொஞ்ச நாளிலேயே அண்ணன் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அப்பாவும் போன பின், ஒரு காலையில் மைனி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். வீட்டைச் சுற்றி ஓட்டிப் பழகினார். பிறகு மரவள்ளி என்கிற மரச்சீனி விளைகளில் உழவு, வாழைக்குலை ஏற்றுவது என்று கூலிக்கே போகத் தொடங்கினார். மதில்மேல் கைவைத்து வேடிக்கை பார்த்தவர்கள் பிறகு அவரிடம் நாள் கேட்டு வந்து நின்றார்கள்.

எங்கள் வீடு இறக்கத்தில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பாட்டரி செத்துக் கிடந்தாலும் கியரில் போட்டு உருட்டிவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வேலைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் மைனி முதலில் கேட்பது, "அங்க எறக்கம் உண்டா?" என்றுதான். பெண் பார்க்கப் போகிற இடத்திலும் கேட்பார் என்று ஊரில் கேலி பேசினார்கள். ஆனால் கீழே வயல்கள் சமதளம். அங்கே எஞ்சினை அணைத்தால் தள்ள ஆள் தேட வேண்டும். பொழுது சாய்ந்தால் விளக்கும் இல்லை. கும்பப்பூ நெல் பருவத்து உழவுக்கு வயல்காரர்கள் கேட்டபோது மைனியால் சரி என்று சொல்ல முடியவில்லை. எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்து, மின்சாரம் உண்டாக்கும் டைனமோவின் காயில் கம்பி எரிந்துவிட்டது, இந்த மாடலுக்குச் சாமான் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்ட அண்ணன் போனில், "அத வச்சிட்டு என்ன செய்ய? மார்த்தாண்டத்து யாவாரி சனிக்கிழம வருவாரு, குடுத்துரு" என்றார்.

மைனி போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "இது போச்சுன்னா நான் திரும்பவும் கத்தி எடுக்கணும் மக்கா." பிறகு, "ஒன் படிப்புல டைனமோ உண்டுல்லா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்போது பாலிடெக்னிக்கில் மின்னியல் கடைசி வருடம். டைனமோ படிப்பில் இருந்தது. தேர்வில் படம் வரைந்து பாகமும் குறித்திருக்கிறேன். தொட்டதில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம். பெல்ட் இறுக்கமாக இருந்தது. டைனமோவை மூடிய தகட்டுப் பட்டையைக் கழற்றி, உள்ளே இருந்த கார்பன் துண்டுகளைத் துடைத்துப் போட்டோம். டிராக்டரை உருட்டி எஞ்சினை ஓடவிட்டு, டைனமோவின் இரண்டு முனைகளிலும் இருந்த வயர்களைக் கழற்றி, முனைகளை ஒரே வயரால் சேர்த்து, அதற்கும் டைனமோவின் உடம்புக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். கொஞ்சமாவது வோல்ட் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை. எலக்ட்ரீஷியன் சொன்னது சரியோ என்று மீட்டரை இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன். மைனி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது எப்பிடித்தான் கரண்ட் உண்டாக்கும்? மொதல்லேந்து சொல்லு" என்றார். சொன்னேன். உள்ளே இருக்கும் இரும்பில் முன்பு ஓடிய மின்சாரத்தின் காந்தம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துளிக் காந்தத்தை வைத்துத்தான் டைனமோ ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை ஆரம்பித்து வளர்த்துக்கொள்ளும். அது துளியும் இல்லாவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் எதுவும் பிறக்காது.

"அப்போ எரியல்ல ஏட்டி. இவ்வளவு நாளும் சும்மா கெடந்ததுல்லா, அதுக்கு ஓர்மை போச்சு" என்றார் மைனி. "நாம ஓர்மப்படுத்தினா போராதா?"

ஓர்மை என்றால் எங்கள் பக்கத்தில் ஞாபகம். என் பாடப்புத்தகத்தில் எஞ்சிய காந்தம் என்று ஒரு பத்தி முழுக்க இருந்ததை, காதுக்குப் பின்னால் கிரீஸ் அப்பியிருந்த மைனி ஒரு சொல்லில் வைத்துவிட்டார். வழியும் அந்தச் சொல்லிலேயே இருந்தது. எஞ்சினை அணைத்துப் பெல்ட்டைக் கழற்றினோம். திருவட்டாற்றில் சார்ஜ் ஏற்றி வாங்கிவந்த பாட்டரியிலிருந்து ஒரு வயர் இழுத்து, சேர்த்துக் கட்டியிருந்த அந்த இரண்டு முனைகளிலும் தொட்டேன். டைனமோ முனகியது. பிறகு, யாரும் சுற்றாமலே, மோட்டார்போல மெல்லச் சுற்றத் தொடங்கியது. காயில் எரிந்திருந்தால் அது அப்படிச் சுற்றாது. இரும்புக்குப் போக வேண்டிய காந்தமும் அந்தச் சுற்றலிலேயே போய்ச் சேர்ந்தது. "கொள்ளாம்" என்றார் மைனி, யாரையோ தட்டிக்கொடுப்பதுபோல.

வயர்களை எல்லாம் பழையபடி மாட்டி, பெல்ட்டைப் போட்டு, எஞ்சினை மறுபடி ஓடவிட்டு வேகப்படுத்தினோம். பாட்டரிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் கட்-அவுட் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். முள் நடுங்கியது. பூஜ்யத்தைத் தாண்டி வலப்பக்கம் போய் நின்றது. மைனி அண்ணனுக்குப் போன் போட்டு, அதை எஞ்சின் பக்கம் நீட்டினார். "யாரு வந்து பாத்தா?" என்று அண்ணன் கத்துவது எனக்கும் கேட்டது. "ஒங்க தங்கச்சியும் நானும்" என்றார்.

மறுநாள் வியாபாரி லாரியோடு வந்தார். மைனி முற்றத்தில் எஞ்சினை ஓடவிட்டு இரண்டு விளக்கையும் எரியவிட்டிருந்தார்.

"பட்டப்பகல்ல என்னத்துக்கு லைட்டு?"

"எரியுகத நீரு பாக்கணும்லா, அதுக்குத்தான்."

"டைனமோ எரிஞ்சு போச்சுன்னுல்லா சொன்னாவ."

"எரியல்ல ஓய். ஓர்மை போய்க் கெடந்தது."

அவர் என்னைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். "அப்போ விக்கியளா, இல்லியா?"

"வந்தது வந்துட்டீரு, ஒரு சாயா குடிச்சிட்டுப் போவும்" என்று மைனி அடுக்களைக்குள் போனார்.

லாரி காலியாகத் திரும்பியது. அந்தக் கும்பப்பூவுக்கு வயலில் உழுதது எங்கள் டிராக்டர்தான். நான் இப்போது கோயம்புத்தூரில் மோட்டார் பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நேர்முகத் தேர்வில் எஞ்சிய காந்தம் பற்றித்தான் கேட்டார்கள். வாயில் முதலில் ஓர்மை என்றே வந்தது. கேட்டவர் விழித்தார், விளக்கிச் சொன்னதும் அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டார். அது யாருடைய சொல் என்றும் சொன்னேன்.

போன வாரம் மைனி போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கூடவே குரல். "ஏட்டி, பாத்தியா? வயல் நடுவுல அணச்சுப் போட்டு, வரப்புல இருந்து சோறு தின்னேன். ஏறி இருந்து சாவியத் திருப்பினேன், எஞ்சின் ஒடனே எடுத்துக்கிட்டு." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. அதற்குப் பின்னால், வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது முள்.