மானகிரிக்குப் போன ரம் புட்டிங்

காலை 5.20. தூத்துக்குடி புதிய பேருந்து நிலையத்தில் மதுரை வண்டி ஏறினேன். டிக்கெட் 130 ரூபாய். காலடியில் ஒரு பை, மடியில் ஒரு பை. காலடிப் பையில் நாலு பாக்கெட் பிரெட், இரண்டு நாள் பழையது. புட்டிங்குக்குப் புது பிரெட் ஆகவே ஆகாது, பாலில் போட்டதும் கூழாகிவிடும். மடிப் பையில் பழைய சேலையில் சுற்றிய அரை பாட்டில் ரம். என் வீட்டுக்காரர் சார்லஸ் வாங்கிக் கொடுத்தது. "யாராவது கேட்டா இருமல் மருந்துன்னு சொல்லு" என்று யோசனை வேறு சொன்னார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் யோசனை எதையும் நான் கேட்டதில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. இருபத்திரண்டு வருஷமாக வீட்டிலிருந்தே கேக்கும் புட்டிங்கும் போட்டுக் கொடுக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, என் ரம் புட்டிங்கை ஒரு தடவை தின்றவர்கள் இன்னொரு தடவை கேட்காமல் இருந்ததில்லை. ஆனால் அது கடைக்குப் போகும், கடைக்காரர் தன் பெட்டியில் வைப்பார், பெட்டியில் அவர் பெயர் இருக்கும். கை என்னுடையது, பெயர் அடுத்தவனுடையது! இது எனக்கு எப்போதும் உறுத்தும். போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றில் என் புட்டிங்கைச் சாப்பிட்ட வள்ளியம்மை ஆச்சி, செய்தது யார் என்று விசாரித்துப் போன் பண்ணினார். மானகிரியில் தங்கள் பெரிய வீட்டை விருந்தினர் தங்கும் விடுதியாக நடத்துகிறவர். "இங்க வந்து ஒரு நாள் செஞ்சு காட்டுங்க. பதினெட்டுப் பேர் சாப்பிடுவாக. அவுகளுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா மெனு கார்டுல உங்க பேரைப் போட்டே வச்சுருவோம்" என்றார். அன்றைக்கே சார்லஸிடம் ரம்முக்குச் சொல்லிவிட்டேன்.

காலை 8.50க்கு மதுரை மாட்டுத்தாவணி. இட்லி சாப்பிட்டுவிட்டு காரைக்குடி வண்டி, 80 ரூபாய். வண்டி மானகிரி வழியாகத்தான் போனது, ஆனால் நிற்காது என்று கண்டக்டர் சாதித்துவிட்டார். நான் இறங்க வேண்டிய ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே காரைக்குடி போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து திரும்பி எட்டு கிலோமீட்டர் ஆட்டோ, 200 ரூபாய். கோவிலூர் தாண்டும்போது ஆட்டோக்காரர் ரஹீம் பாய், "ஆச்சி வீட்டுக்குத்தானே? முன்வாசலா, பின்வாசலா?" என்றார். விருந்தாளியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்து, "முன்வாசல்தான்" என்றேன் விறைப்பாக.

பகல் 11.50. தேக்குத் தூண்கள் வரிசை கட்டி நிற்கும் முகப்பில் வள்ளியம்மை ஆச்சியே நின்றிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். "வாங்க வாங்க, அலுத்துக் களைச்சு வந்திருக்கீக. பாட்டில் எந்தப் பையில இருக்கு?"

"இந்த மடிப் பையில."

"அப்ப அந்தப் பையோட நீங்க பின்வாசலுக்குப் போயிருங்க. கோவிச்சுக்கிறாதீக. உள்ள சாமி வீடு இருக்கு, எங்க முன்னோருக்குப் படைக்கிற இடம். சாராயம் அதைத் தாண்டி வரப்படாது. பின்னால புது அடுப்படி கட்டியிருக்கோம், அங்குட்டு என்ன வேணாலும் ஊத்துங்க."

அந்த ஊர் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. உச்சி வெயிலில் ரம் பாட்டிலைக் கட்டிக்கொண்டு சுற்றினேன். இருநூற்று நாற்பத்தெட்டு காலடி, எண்ணினேன். ரஹீம் பாய் கேட்டதன் அர்த்தம் இருநூறாவது காலடியில்தான் புரிந்தது.

பின்கட்டு அடுப்படிக்குத் தலைவி பஞ்சவர்ணம். நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினெட்டுப் பேருக்குச் சமைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ரம்முக்குத் துணையாக நான் ஆரஞ்சுத் தோல் போடுவது வழக்கம். இங்கே தோட்டத்தில் நார்த்தங்காய் இருக்கிறது, அதையே போடலாம் என்று ஆச்சி சொல்லியிருந்தார். பன்னிரண்டு காய் பறித்து வைத்திருந்தார்கள், மரத்தில் மிச்சமெல்லாம் பிஞ்சு. சாற்றைப் பிழிந்து தனியே வைத்தேன். தோலைச் சுருள் சுருளாகச் சீவி, கசப்புப் போக இரண்டு தடவை வேகவைத்து வடித்தேன். ஈரம் வற்றினால்தான் பாகில் நன்றாக ஊறும் என்று ஒரு முறத்தில் பரப்பி முற்றத்து வெயிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

பிற்பகல் 3.15. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் முறம் காலி. பக்கத்தில் ஒரு ஜாடி, வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். என் சுருள்கள் அத்தனையிலும் கல்லுப்பு!

"யாரு பார்த்த வேலை இது?" என் சத்தம் நாலு கட்டுக்கும் கேட்டிருக்கும்.

பஞ்சவர்ணம் நிதானமாக வந்தாள். "நாந்தேன். நார்த்தங்காயைச் சுருளா வெட்டி வெயில்ல வச்சுட்டுப் போயிட்டீக. உப்பு வைக்க மறந்துட்டீகன்னு நெனச்சேன். சதையைக் காணோமேன்னு பார்த்தேன், சரி, அவுக ஊர்ப் பழக்கம் போலன்னு விட்டுட்டேன்."

"அது ஊறுகாய்க்கு இல்லம்மா, புட்டிங்குக்கு! நான் உங்ககிட்ட உப்பு கேட்டேனா?"

"இந்த ஊருல நார்த்தங்காயைச் சுருளா வெட்டுனா உப்புத்தேன். கேட்டுக்கிட்டா வைப்பாக? தூத்துக்குடிக்காரவுக உப்பைக் கண்டு இந்தப் பயம் பயப்படுறீகளே!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு காய் இல்லை, ராத்திரி விருந்துக்கு நாலு மணி நேரம்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் பெயர் ஒரு அட்டையில் ஏறப் போகிற நாள், இந்த மகராசி அதை ஜாடியில் போட்டு ஊறுகாய் ஆக்கிவிட்டாள். ஆட்டோ பிடித்து ஊருக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் யாரிடமும் தோற்றுப் போனேன் என்று சொல்லிப் பழக்கமில்லை.

சுருள்களை மூன்று தண்ணீரில் கழுவினேன். மறுபடி வேகவைத்துச் சீனிப்பாகில் போட்டேன். நாற்பது நிமிடம் கழித்து ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தேன். முதலில் இனிப்பு, அப்புறம் மெல்லிய கசப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு பொட்டு உப்பு. இன்னொரு துண்டு எடுத்தேன். பிறகு பஞ்சவர்ணத்துக்கு ஒரு துண்டு நீட்டினேன்.

மென்றுவிட்டு, "ம்... கெட்டுப் போகலையே" என்றாள். அவ்வளவுதான்.

மாலை 5.30. மூன்று லிட்டர் பால், இருபது முட்டை, பிரெட்டைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்து, நடுநடுவே சுருள்களைச் செருகி, அந்த வீட்டின் நீல விளிம்பு வைத்த மங்குத் தட்டுகளில் ஊற்றினேன். எனாமல் பூசிய அந்தத் தட்டுகள் சுடச்சுட மேசைக்கே போகலாம். ஓவனில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அவற்றை வைத்து முக்கால் மணி நேரம். மேலே ஊற்ற, சீனியைக் கருக்கி, வெண்ணெயும் நார்த்தஞ்சாறும் ரம்மும் சேர்த்துச் சுண்ட வைத்தேன். அடுப்படி முழுக்க வாசம். "சாமி வீடு வரைக்கும் போயிராதே?" என்றாள் பஞ்சவர்ணம். சிரித்துவிட்டேன்.

இரவு 7.40. சாமி வீட்டைத் தாண்டாமல் பின்கட்டுக் கூடத்திலேயே பதினெட்டுப் பேருக்கும் பரிமாறினோம். தட்டுகள் வழித்த மாதிரி காலியாக வந்தன. ஆறு பேர் இரண்டாம் தடவை கேட்டார்கள். ஆச்சி என்னைக் கூடத்துக்கு அழைத்து எல்லாரையும் கைதட்ட வைத்தார். என் தலை உத்தரத்தில் முட்டாததுதான் பாக்கி. அப்போது சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டரம்மா கேட்டார்: "இந்த மாதிரி நான் எங்கேயும் சாப்பிட்டதில்ல. நடுவுல ஒரு உப்பு வருதே, அது யாரோட யோசனை?"

உண்மையைச் சொல்கிறேன், என் வாயில் பதில் தயாராக இருந்தது. 'எங்க ஊரு உப்பளத்து ஊரு இல்லையா' என்று ஆரம்பிக்க வேண்டியதுதான், எல்லாரும் நம்பியிருப்பார்கள். 'எங்க ஊரு' என்று தொடங்கியும் விட்டேன். பஞ்சவர்ணம் கதவோரம் காலித் தட்டுகளோடு நின்றாள். அவள் வாயைத் திறக்கப் போவதில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரர்கள் எனக்குச் செய்ததைத்தானே நான் இவளுக்குச் செய்யப் பார்க்கிறேன்!

"யோசனையெல்லாம் என்னுது இல்ல. உப்பு வச்சது அந்தா நிக்காங்களே, பஞ்சவர்ணம், அவங்க. எனக்குத் தெரியாம வச்சாங்க, நான் சண்டை கூடப் போட்டேன்" என்றேன்.

எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. பஞ்சவர்ணம் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். "புட்டிங்குக்குன்னு தெரியாமத்தேன் வச்சேன்" என்றாள். "ஆனா அளவு தெரிஞ்சு வச்சேன்." கைதட்டல் எனக்கு விழுந்ததைவிடப் பலமாக விழுந்தது. பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் காலை 7.30. பணியாரம் சாப்பிடும்போது ஆச்சி பேனாவும் அட்டையுமாக உட்கார்ந்தார். "ஸ்டெல்லா புட்டிங். சரிதானே?"

"பஞ்சவர்ணம் பேரும் போடணும் ஆச்சி" என்றேன். பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, 'ஐயோ, எனக்கெதுக்கு' என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

பஞ்சவர்ணம் பணியாரச் சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: "போடுங்க. எம்பேரை முன்னால போடுங்க. நான் உப்பு வச்சது மொதல்ல. அவுக சீனி போட்டது அப்புறந்தேன்."

ஆச்சி என்னைப் பார்த்தார். "எழுதுங்க ஆச்சி" என்றேன். நடந்த வரிசை அதுதான்.

காலை 9.45. காரைக்குடி பஸ் நிலையத்தில் மதுரை வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் கனமில்லை. எங்கள் ஊரில் என் புட்டிங் போகாத வீடு குறைவு, என் பெயர் போன வீடு ஒன்றும் கிடையாது. மானகிரியில் ஒரே ராத்திரிதான் தங்கினேன், என் பெயர் அங்கேயே தங்கிவிட்டது. வண்டி கிளம்பும்போது சார்லஸ் போன் பண்ணினார்.

"என்னாச்சு? பேரு போட்டாங்களா?"

"போட்டாச்சு."

"கொட்டை எழுத்துலயா?"

"கொட்டை எழுத்துலதான். ரெண்டாவது பேரா" என்றேன், பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.