அம்மன் தூக்காத கை

அம்மன் என் கையைத் தூக்கிவிடவில்லை. திருவிழாவுக்கு நான்கு மாதம் முன்பே அந்தக் கை குணமாகிவிட்டது. நான்தான் மறைத்தேன்.

பலாங்கொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஆடித் திருவிழா வந்தால் இன்றைக்கும் என் கதையைச் சொல்கிறார்கள். முடங்கிய கையை மாரியம்மன் ஒரே நொடியில் உயர்த்திய கதை! கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்...

தோள் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, என்ன ஆகுமோ என்று காத்திருப்பவராகக்கூட நீங்கள் இருக்கலாம். அப்படியானால் நான் சொல்வதைக் கட்டாயம் கேளுங்கள். சரியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லாமல் விட்டவள்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. மழையில் ஊறிய மலைச்சரிவில் கொழுந்துக்கூடையோடு இறங்கும்போது வழுக்கியது. வலது கையை ஊன்றினேன். உள்ளே எதுவோ இடம் மாறிய சத்தம் என் காதுக்கே கேட்டது! தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர் ஐயா இழுத்துப் பொருத்தினார். பொருந்தியது. ஆனால் நிலைக்கவில்லை. கொடியில் துணி போடக் கையை உயர்த்தினால் நழுவும். தூக்கத்தில் புரண்டால் நழுவும். சொந்தக் கையை நம்ப முடியாமல் வாழ்வது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா?

இரத்தினபுரிக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒரு சிங்கள அம்மா. நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். எனக்குச் சிங்களம் விளங்கும் என்று அறிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. என் இடது உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து, அதில் தன் கைமுட்டியை வைத்தார்.

"உன் தோள் இவ்வளவுதான். கிண்ணம் சின்னது, உருண்டை பெரிது. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அதனால்தான் நழுவவும் செய்கிறது. உனக்குக் கிண்ணத்தின் விளிம்பு கிழிந்திருக்கிறது. அதைத் தைக்க வேண்டும்."

தைப்பதா! எலும்போரத்தை, சட்டைக் கிழிசலைத் தைப்பதுபோலவா! பத்து வயதில் கொழுந்துக் கூடை தூக்கிய நாளிலிருந்து அந்தக் கையை வேலை வாங்கியிருக்கிறேன். அதற்குள் இப்படியொரு கிண்ணம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. பயத்தைவிட வியப்பே என்னை அதிகம் பிடித்துக்கொண்டது.

ஆபரேஷன் கார்த்திகையில் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் இடது கையால் வலது கையைத் தேடினேன். நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். விரல்களை அசைக்கச் சொன்னார் நர்ஸ். அசைந்தன! அழுதுவிட்டேன்.

வலி இருக்கும். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். முதல் சில நாட்கள் மூச்சு இழுத்தால்கூட வலிக்கும். படுக்க முடியாது, தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும். ஆறு வாரம் கட்டு அவிழாது. கட்டை அவிழ்த்த அன்று, கை மெலிந்து, யாருடையதோபோல் தொங்கும். மனம் உடைந்துவிடாதீர்கள். வரும்... மெல்ல மெல்ல வரும்.

அந்த ஆறு வாரத்தில்தான் என் குற்றத்தின் வேர் பிடித்தது.

என் கணவரின் தங்கை தவமணி எங்களோடு லயத்து வரிசை வீட்டில், ஒரே காம்பரா அறையில் இருந்தாள். அவளுக்கு இருபது வயது. காலையில் மலைக்குப் போகுமுன் எனக்கு இரவிக்கை மாட்டி, சேலை கட்டிவிட்டு, கடைசியில் தலை வாருவாள். சிக்கெடுக்கும்போது என் நெற்றியை ஒரு கையால் தாங்கிக்கொள்வாள்.

"ஆடாம இருங்கண்ணி. நோகுதா?"

நோகவில்லை. எனக்கு ஏழு வயதில் அம்மா இறந்தாள். அதற்குப் பிறகு என் தலையை யாரும் தொட்டு வாரியதில்லை. இருபத்துநான்கு வருடம்! அந்த விரல்கள் உச்சியில் பட்டபோது, உடம்பெல்லாம் எதுவோ இளகியது. கண்ணை மூடிக்கொள்வேன். இன்னும் கொஞ்சம் சிக்கு இருக்கக்கூடாதா என்று நினைப்பேன். இதற்காகவா? இவ்வளவு சிறிய ஒன்றுக்காகவா? என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தையில் பயிற்சி தொடங்கியது. குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். பிறகு சுவரில் விரல்களை நண்டுபோல் ஏற்ற வேண்டும். எட்டிய உயரத்தில் கரிக்கோடு போடச் சொன்னார்கள். இன்றைய கோடு நேற்றைய கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே... அடுத்த வாரம் இன்னும் மேலே! விதை முளைப்பதைக்கூட இவ்வளவு ஆசையோடு நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை கொடுத்தார்கள். மலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கூடை இல்லை, மழை இல்லை, அட்டைக்கடி இல்லை.

பங்குனியில் ஒரு காலை. தவமணி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவே செருகியிருந்த சீப்பை எடுத்தேன். எடுத்த பிறகுதான் கவனித்தேன்... வலது கை! தலைக்கு மேலே, முழங்கை நிமிர்ந்து, வலியே இல்லாமல்!

அப்படியே நின்றேன். கையை இறக்கவே தோன்றவில்லை. கிழிந்து, அறுத்து, தைத்து, செத்த கொடிபோல் தொங்கிய அந்தக் கை, கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. என் உடம்புக்குள் யார் உட்கார்ந்து இத்தனை நாள் இந்த வேலையைச் செய்தது? கோவிலில்கூட எனக்கு அப்படிச் சிலிர்த்ததில்லை.

வாசலில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது.

சீப்பை எடுத்த இடத்திலேயே செருகினேன். பலகையில் உட்கார்ந்து கையை மடியில் போட்டுக்கொண்டேன். தவமணி ஈரக்கையைத் துடைத்தபடி வந்து, சீப்பை எடுத்து, என் பின்னால் உட்கார்ந்தாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக!

நாளைக்கும் அவள் விரல்கள் இதமாக இருந்தன. கை சரியென்றால் மறுநாளே கொழுந்து பறிக்க மலைக்குப் பேர் போடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அந்தச் சரிவில் மறுபடி கூடையோடு இறங்க மனம் வரவில்லை. சுவரில் அதே உயரத்தில், கோட்டின் மேலேயே கோடு போட்டேன். அது தடித்துக் கறுத்தது.

சித்திரை முடிவில் கிளினிக். தவமணியும் கூட வந்தாள். டாக்டர் அம்மா கையைத் தூக்கச் சொன்னார். தோள் மட்டத்தில் நிறுத்தி முகத்தைச் சுளித்தேன்.

"ரிதெனவத?" வலிக்கிறதா என்று கேட்டார்.

"ஓவ்," என்றேன். ஆம். ஒரே ஒரு சொல்!

அவர் என் முழங்கையைப் பிடித்து மெல்ல உயர்த்தப் பார்த்தார். நான் இறுக்கிக்கொண்டேன். நீண்ட நேரம் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் நின்ற இளம் டாக்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் கொஞ்சம் அதிகமாக இறுக்கித் தைத்துவிட்டேன்போல." என் பக்கம் திரும்பி, "மன்னித்துக்கொள், மகளே. இன்னும் முயற்சி செய்வோம்," என்றார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! அந்த விரல்கள் செய்த அற்புதம் என் சட்டைக்குள் முழுதாக இருந்தது. அதை அவருக்கே காட்டாமல் எழுந்து வந்தேன்.

கிளினிக்கிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். பலாங்கொடையில் இறங்கி, தோட்டத்து பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது தவமணி சொன்னாள்.

"அண்ணி, நான் நேந்துக்கிட்டேன். இந்த ஆடிக்குத் தீ மிதிக்கப் போறேன்."

"எதுக்குடி?"

"உங்க கைக்குத்தான். டாக்டரம்மாவே கைய விரிச்சிட்டாங்க. இனி அம்மாதான் பாக்கணும்."

"வேணாம் தவம்... நெருப்புடி அது."

"நேந்தாச்சுங்கண்ணி. மாத்தக் கூடாது."

அங்கேயே கையை உயர்த்தியிருக்கலாம். அந்த பஸ் ஸ்டாண்டின் நடுவே ஒருமுறை கையை உயர்த்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பிறகு திருவிழாவரை எத்தனை நாட்கள்! ஒவ்வொரு நாளும் நேற்றுச் சொல்லாததே இன்று சொல்லாததற்குக் காரணமாயிற்று.

அவள் விரதம் பிடித்தாள். மஞ்சள் சேலை, ஒரு வேளை சாப்பாடு. அப்போதும் காலையில் என் தலையை வாரினாள்.

தீமிதிப்பு அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. கோவில் முன்னால் நீளக் குழி. பலா விறகு எரிந்து தணலாகக் கிடந்தது. பத்தடி தள்ளி நின்ற எனக்கே முகம் காந்தியது. தப்பு மேளம் அதிர்ந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கி ஓடினார்கள். பிறகு தவமணி வந்தாள்.

அவள் ஓடவில்லை! நடந்தாள். வேப்பிலையைத் தலைக்கு மேல் ஏந்தி, கண்ணைத் திறந்தபடி, பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவள்போல நடந்தாள். ஒவ்வொரு அடியிலும் தணல் நசுங்கிச் சிவந்தது. எனக்காக! குணமான கைக்காக! ஒரு மனுஷிக்குள் இவ்வளவு இருக்குமா? யாருக்கோ பிறந்து, என் காம்பராவில் ஒரு மூலையில் படுத்துறங்கும் இந்தப் பெண்ணுக்குள்?

அவள் கரையேறியபோது கூட்டம் "ஓம் சக்தி!" என்று வெடித்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன.

என் இரண்டு கைகளும் உயர்ந்தன.

நம்புங்கள், நான் திட்டமிடவில்லை. அந்தக் காட்சியைக் கும்பிடாமல் என் கைகளால் இருக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவள் கத்தினாள்: "ஐயோ, பரமேஸ்வரி கை! கையப் பாருங்க!"

அடுத்த நொடி ஊரே என்னைச் சூழ்ந்துகொண்டது. என் கணவர் மண்ணில் விழுந்து அழுதார். பூசாரி அள்ளி அள்ளித் திருநீறு பூசினார். தவமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு காலை நீட்டினாள். இடது பாதம் வெந்திருந்தது.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணி. பக்தி பத்தலன்னு பேசுவாங்க."

மருந்து தடவினேன். இந்த வலது கையால்தான்.

கிளினிக்குக்கு நான் மறுபடி போகவில்லை. அந்த அம்மா இன்னமும் தன் கை தவறியதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். சில வருடம் கழித்து ஒருநாள் துணிந்து இரத்தினபுரிக்குப் போனேன். மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

தவமணி புளத்கொகுபிட்டியவில் இறப்பர்த் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டாள். ஆனாலும் ஆடிக்கு ஆடி வந்து நன்றிக்குத் தீ மிதிக்கிறாள். ஒருமுறை வாயெடுத்தேன். "தவம், அன்னிக்கு என் கை..." என்று தொடங்கினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அந்த ஒரு நாள் இல்லாட்டி, நான் எதுக்குப் பொறந்தேன்னே எனக்குத் தெரியாதுங்கண்ணி."

வாயை மூடிக்கொண்டேன். அது அவள்மீது இரக்கமா, என்மீது பயமா? இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் உங்களைத் தேடி வந்திருக்க மாட்டேன்.

அடுத்த லயத்து ஆறுமுகம் அண்ணன், நிழல்மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்தார். தோள் முறிந்தது. ஆபரேஷன் செய்தால் கை வரும் என்று இரத்தினபுரியில் சொல்லியும், மறுத்துவிட்டு வந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே. நல்லாச் செய்வாங்க."

அவர் சிரித்தார். "நீயே வெட்டித் தைச்சிக்கிட்டு வந்து ஒண்ணும் ஆகலியே தங்கச்சி! அம்மாதானே ஒனக்குக் குடுத்தா?"

இல்லை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவர் மனைவி பக்கத்தில் நின்று என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அவர் இரண்டு ஆடி தீ மிதித்தார். கோணலாகப் பொருந்திய எலும்போடு அந்தக் கை மரத்துப்போய்த் தொங்குகிறது.

போன திருவிழாவில் என்னிடம் வந்தார். இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அதை என் தோள்மேல், தழும்பு இருக்கும் இடத்தில் வைத்தார்.

"எனக்கும் கண்ணத் தொறப்பாளா தங்கச்சி?"

"தொறப்பாண்ணே," என்றேன்.

கண்ணை மூடி வேண்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அந்தச் செத்த கையின் பாரம் முழுவதையும் என் தோள் தாங்கிக்கொண்டு நின்றது. துளிகூட வலிக்கவில்லை.