அரிப்பு மாத்திரையும் அவள் மூச்சும்

என் மனைவி பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். பேச்சில் அவளை யாரும் மிஞ்ச முடியாது, குறட்டையிலும்தான். குறட்டையை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகி அவளுக்கு ஒரே அரிப்பு. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாள். அடங்கவில்லை என்று இன்னொன்று. தொண்டை கமறியதால் வீட்டிலிருந்த இருமல் மருந்தையும் குடித்துவிட்டு, மதியம் சாப்பிட்டுப் படுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

குறட்டை திடீரென்று நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் அப்புறம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் வயிறு எக்கி எக்கி அசைகிறது, மூக்கருகே விரல் வைத்தால் காற்று வரவில்லை. பிறகு ஒரு பெரிய மூச்சு, மறுபடி குறட்டை. அடுத்த நிறுத்தம் இன்னும் நீளம்.

ஒருக்களித்துப் படுக்க வைத்து உலுக்கினேன். கண் திறக்கவே நேரம் பிடித்தது.

“இன்னாய்யா, மனுசி தூங்கக்கூடாதா?” என்று குழறினாள்.

“மூச்சு நின்னு நின்னு வருது மே. எந்திரி, டாக்டராண்ட போலாம்.”

“எனக்கு ஒண்ணியும் இல்ல. நீ போய்ட்டு வா.”

ஆட்டோவில் அவள் தூங்கிவிடாமலிருக்க, வஞ்சிர மீனுக்கும் மாவுலாசி மீனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “இத்தினி வருசமா துன்னுக்கினு கீற, இதுகூடத் தெரியாதா?” என்று திட்டினாள். திட்டு காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

மருத்துவர் மருந்துகளை வாங்கிப் பார்த்தார். “மாத்திரை, சிரப் ரெண்டுலயும் தூக்கம் வர்ற அலர்ஜி மருந்துதான்மா இருக்கு. குறட்டை விடறவங்களுக்குத் தூக்கத்துல தொண்டை அடைச்சுக்கும். மூளை சட்டுனு எழுப்பி விட்டுடும். இந்த மருந்து அளவு மீறினா மூளையே மந்தமாயிடும், எழுப்ப லேட்டாகும்.”

விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டி மாலைவரை படுக்க வைத்திருந்தார்கள். தூக்கம் வராத மாத்திரையாக மாற்றித் தந்தார்கள். சில வாரம் கழித்து, தூக்கத்தில் மூச்சைச் சோதித்து, தூங்கும்போது தொண்டை அடைக்காமல் காற்றை ஊதித் தர, முகமூடியோடு ஒரு சின்ன மெஷினும் கொடுத்தார்கள்.

“நான் குறட்டை உடறேன்னு நீதான டாக்டராண்ட போட்டுக்குடுத்த?” என்று ஒரு வாரம் முறைத்தாள். ஆனாலும் முகமூடியை ஒழுங்காக மாட்டிக்கொண்டாள்.

இப்போது வீட்டில் குறட்டையே இல்லை. அந்த அமைதிதான் எனக்குப் பழகவில்லை. முதுகில் கை வைத்து, அது ஏறி இறங்குவது தெரிந்தால்தான் தூங்குகிறேன். அவள் தட்டிவிடுவதில்லை.