லோயிசாவில் நிலா தீட்டிய முகம்

இதைக் கொண்டுபோகலாமா என்று ஒரு வார்த்தை கேட்க எனக்கு ஏன் வாய் வரவில்லை? போர்ட்டோ ரிக்கோ போய்வந்து ஆறு வாரமாகிறது. இன்னும் பதில் தெரியவில்லை.

2006 மார்ச். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் விசா கவலையில்லாமல் போகக்கூடிய, அமெரிக்காவுக்குச் சொந்தமான கரீபியன் தீவு அது. நியூ ஜெர்சியின் நூவர்க்கிலிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம்.

சனிக்கிழமை காலை பத்து மணி. சான் ஹுவானிலிருந்து வாடகைக் காரில் இருபது மைல் கிழக்கே, லோயிசா என்ற கடற்கரை ஊர். மாம்பழ மஞ்சள் சுவருக்கு ஊதா ஜன்னல்; வேலியெங்கும் கொம்பு முளைத்த முகமூடிகள் காய்ந்துகொண்டிருந்தன. முற்றிய தேங்காயை மட்டையோடு குடைந்து செய்கிறார்கள். ஜூலைத் திருவிழாவில் அணிந்து ஆடுவார்களாம்.

"நம்மூர்ல கட்டுற வீட்டு முன்னாடி தொங்கவிடலாம். ஒரு கண்ணும் படாது," என்றார் கணவர்.

முகமூடி செய்யும் கார்மென் என்ற பெண்மணி, வண்ணம் பூசாத சிறியது ஒன்றைப் பதினைந்து டாலருக்குக் கொடுத்து, எங்கள் மகள் நிலாவின் கையில் தூரிகையையும் கொடுத்தார். நிலாவுக்கு நான்கு வயது. ஒரு கண் பச்சை, ஒரு கண் சிவப்பு, கன்னமெல்லாம் நீலப் புள்ளிகள். கண்களை ஒரே நிறமாக்க நான் தூரிகையை வாங்கப்போனேன். கார்மென் சிரித்தபடி என் கையை விலக்கினார்.

ஞாயிறு பகல் இரண்டு மணி, விமான நிலையம். செடி, காய், பழம் இருக்கிறதா என்று பெட்டிகளைச் சோதிக்கும் வரிசை. தேங்காய் பழமா, மட்டை செடியா? மாட்டிக்கொண்டால் கிரீன் கார்டு என்னவாகும்? நிலா தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கழிப்பறைக்குப் போய் முகமூடியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

எங்களுக்கு முன்னால் நின்ற பெரியவர் பையிலிருந்து அதே மாதிரி மூன்று முகமூடிகளை எடுத்துக் காட்டினார். அதிகாரி தட்டிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் திரும்பி ஓடினேன். தொட்டியில் புதுப் பை மாட்டியிருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா," என்றார் கணவர்.

பிஸ்கட்டவேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் நிலா, "வேர் இஸ் மை ஃபேஸ், அம்மா?" என்றாள்.

"தபால்ல வரும்டா," என்றேன்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் தபால் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க அவளைத் தூக்கிப் பிடிக்கிறேன். கார்மெனின் தொலைபேசி எண் இருக்கிறது. இன்னொன்று வரவழைத்து நானே புள்ளி வைத்துவிடலாம். ஆனால் எந்தக் கண் பச்சை என்பது அவளுக்கு நினைவிருக்கிறது, எனக்கு இல்லை. உண்மையைச் சொன்னால் இனி என்னை நம்புவாளா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும்?